ஆட்டம் நடந்த இடம்

“கடிகாரத்தை ஓட விடலாம்” என்று தலைமை நடுவர் மைக்கில் சொன்னதும் அந்தத் திண்டுக்கல் கல்யாண மண்டபத்தில் நூற்றுப்பத்து சதுரங்க மேஜைகளில் நூற்றுப்பத்து பொத்தான்கள் அமுங்கின, அதோடு சரி, அப்புறம் ஒரு சத்தமில்லை. வசுமதிக்கு இந்த நொடிதான் பிடிக்கும். இருநூற்றிருபது பேர் ஒரே சமயத்தில் வாயை மூடிக்கொள்வதை நம் பக்கத்தில் வேறு எங்கே பார்க்க முடியும், கோயிலிலா, சினிமாக் கொட்டகையிலா, சாவு வீட்டில்கூட யாராவது ஒருத்தர் மூலையில் நின்று காபி கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டுதான் இருப்பார். மேடையில் நேற்றைய கல்யாணத்தின் தெர்மோகோல் எழுத்துகளை இன்னும் கழற்றவில்லை, மணமகன் பெயரில் முதல் எழுத்து விழுந்துவிட்டதால் பாவம் அவர் யாரென்று தெரியவில்லை, மணமகள் மட்டும் முழுசாக இருந்தாள். சமையற்கட்டிலிருந்து பெருங்காய வாசனை வந்தது. வசுமதி ரப்பர் செருப்பில் சத்தமில்லாமல் நடந்தாள், நடுவர் வேலையில் பாதி நடைதான், இரண்டு சுற்று ஆடுகிற நாளென்றால் ஏழெட்டுக் கிலோமீட்டர் ஆகிவிடும், ஐம்பத்து மூன்று வயதுக்கு நல்ல உடற்பயிற்சி என்று டாக்டர் சொன்னார், எந்த டாக்டர், எந்த டாக்டரும் சொல்லவில்லை, டாக்டர் பேச்சு இப்போது எதற்கு. அவளுடைய செல்போன் அணைந்து நடுவர் மேஜையில் பைக்குள் கிடந்தது. ஆட்டக்காரனின் போன் அடித்தால் அவன் தோற்றான் என்று எழுதிவிட வேண்டியதுதான், நடுவரின் போன் அடித்தால் யாரும் தோற்பதில்லை, மானம் மட்டும் போகும். அந்தப் போனுக்குள் ஒரு மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பம் இருந்தது. அதில் பதினோராவது கேள்வி. கடந்த நான்கு ஆண்டுகளில் ஏதேனும் உடல்நலக் குறைவுக்காக ஆலோசனையோ பரிசோதனையோ சிகிச்சையோ பெற்றதுண்டா. நேரே இரண்டு கட்டங்கள், ஆம், இல்லை. காலையில் இட்லிக்கும் காபிக்கும் நடுவே அவள் ‘இல்லை’யில் விரலை வைத்துவிட்டாள். இன்னும் அனுப்பவில்லை. மதியம் இரண்டு மணிக்குள் அனுப்பினால் வியாழக்கிழமைக்குள் பாலிசி கைக்கு வந்துவிடும், வியாழக்கிழமை ராஞ்சிக்கு ரயில், அங்கிருந்து குவாஹாத்தி, அப்புறம் சில்சார், நாற்பது நாள், மூன்று போட்டிகள்.

நாற்பதாவது மேஜையில் ஒரு சிறுமி நாற்காலியில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள், உட்காரட்டும், விதியில் அதற்குத் தடையில்லை. விதியில் எதற்குத் தடை எதற்கு இல்லை என்பது வசுமதிக்குத் தூக்கத்திலும் தெரியும், ஆனால் காப்பீட்டு விதிகளைப் படிக்கத் தொடங்கியபோதுதான் தான் எவ்வளவு எளிமையான ஆட்டத்துக்கு நடுவராக இருந்திருக்கிறோம் என்று புரிந்தது. போன ஜூனில் திருவெறும்பூர்ப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை வேலையை விட்டுவிட்டு முழுநேர நடுவராக இறங்கினாள். பள்ளிக்கூடத்தோடு போனவை மூன்று, காலை அசெம்பிளி, தலைமையாசிரியர், பள்ளி எடுத்துவைத்திருந்த குழுக் காப்பீடு. முதல் இரண்டுக்கும் அவள் கண்ணீர் விடவில்லை. மூன்றாவது போனதே நான்கு மாதம் கழித்துத்தான் உறைத்தது. வீட்டில் வேறு யாரும் கிடையாது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதில் குறையும் இல்லை, ஆனால் தெரியாத ஊரில் படுத்தால் எந்த ஆஸ்பத்திரி வாசலில் யார் பணம் கட்டுவார்கள் என்கிற கேள்வி ரயிலில் மேல் படுக்கையில் ஏறிப் படுக்கும்போதெல்லாம் கூடவே ஏறிப் படுத்துக்கொண்டது. முதலில் பேசிய முகவர் ஒருவர் அப்பா அம்மா இரண்டு பிள்ளைகள் பல் தெரியச் சிரிக்கிற படம் போட்ட விளம்பரத்தை அனுப்பினார். இன்னொருவர், “ஆல் இந்தியா கவரேஜ் மேடம், கண்ண மூடிட்டுப் போடலாம்” என்றார். கண்ணை மூடிக்கொண்டு எதையும் போடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. அப்புறம்தான் ஃபரிதா வந்தாள். ஃபரிதா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆறு வருஷம் காப்பீட்டு கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தவள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களிடம் ‘உங்க க்ளெய்ம் வரலைங்க’ என்று சொல்லிச் சொல்லி நொந்துபோய், சொல்கிற இடத்திலிருந்து எழுந்து வந்து சொல்லாமல் தடுக்கிற வேலைக்கு மாறிவிட்டதாகச் சொல்வாள். அவள் முதலில் தவணையைப் பற்றிப் பேசவே இல்லை. “போன வருஷம் எந்தெந்த ஊருக்குப் போனீங்க, அந்த ஊர்ல எந்தப் பக்கம் இருந்தீங்க, அதை எழுதிக் கொடுங்கக்கா” என்றாள். ஆட்டக் குறிப்புத் தாளின் பின்பக்கத்தில் வசுமதி எழுதிக் கொடுத்தாள், முப்பத்தோரு ஊர், ஒவ்வோர் ஊருக்கும் எதிரே ஆட்டம் நடந்த இடம், அமராவதி, பொறியியல் கல்லூரி, கட்டாக், மார்வாடி மண்டபம், உடுப்பி, பேருந்து நிலையத்துக்கு எதிரே ஹோட்டல் மாடி, ஊர்களை அவள் அப்படித்தான் நினைவு வைத்திருந்தாள், அவளைப் பொறுத்தவரை இந்தியா என்பது விதவிதமான மண்டபங்கள். ஃபரிதா அந்தத் தாளை எடுத்துப் போய்ப் பதினைந்து நாள் ஆளையே காணோம். வந்தபோது முப்பத்தோரு ஊருக்கும் மூன்று நிறுவனங்களின் ஆஸ்பத்திரிப் பட்டியலைப் பொருத்திப் பார்த்திருந்தாள். மலிவான பாலிசிக்குப் பன்னிரண்டு ஊரில் கையில் காசில்லாமல் சேர்த்துக்கொள்ளும் ஆஸ்பத்திரி ஒன்றுகூட இல்லை. இரண்டாவது, திருச்சி முகவரியைப் பார்த்துத் தவணையைக் குறைத்துவிட்டு, பெரிய நகரத்தில் படுத்தால் பில்லில் ஐந்தில் ஒரு பங்கை நீயே கட்டு என்றது. மூன்றாவதுதான் சரி, அறை வாடகைக்கு வரம்பில்லை, ஊருக்கு ஊர் சட்டம் மாறவில்லை, காத்மாண்டு மாதிரி வெளிநாடென்றால் மட்டும் அந்தப் பயணத்துக்குத் தனியாக ஒன்று எடுக்க வேண்டும். பட்டியலை நம்பாமல் பல ஊர் ஆஸ்பத்திரிகளுக்குத் தானே போன் போட்டு, தெரிந்த அரைகுறை இந்தியில், இந்த பாலிசியை இன்னும் எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டிருக்கிறாள். என்ன மனுஷி என்று வசுமதி வாயைப் பிளந்தாள். தனக்காக இத்தனை ஊருக்கு யாரும் போன் போட்டதில்லை. கடைசியில் விண்ணப்பத்தை அனுப்பும்போது ஃபரிதா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள், “டிக் மட்டும் நான் போட மாட்டேன்கா, உங்க கையால போடுங்க. அவசரமில்ல, யோசிச்சுப் போடுங்க.” எதற்கு யோசிக்கச் சொன்னாள். சாதாரணமாகத்தான் சொல்லியிருப்பாள்.

யோசிக்க என்ன இருக்கிறது, மயக்கம் ஒரு நோயா, காலையில் சாப்பிடாமல் ஏழு மணி நேரம் நின்றால் குதிரைகூட விழும். ராய்ப்பூரில் அக்டோபர் மாசத்து வெயில், மண்டபத்துக்கு வெளியே தாழ்வாரத்தில் தண்ணீர்க் கேனைத் திறக்கப் போனவள், கேனின் நீல மூடியை வெகு பக்கத்தில் பார்த்தாள், இவ்வளவு பக்கத்தில் எப்படி வந்தது என்று நினைத்தாள், அப்புறம் யாரோ ஒரு பையனின் காலணி, அதில் ஒரு முடிச்சு அவிழ்ந்திருந்தது, கட்டிக்கொள் தம்பி தடுக்கி விழுவாய் என்று தமிழில் சொல்ல நினைத்தாள். அடுத்தது ஆஸ்பத்திரிக் கூரை. டாக்டர் சின்ன வயசு, காகிதச் சுருளைக் காட்டி இதயம் சீராக அடிக்கவில்லை, நடுவில் தாளம் தப்புகிறது, ஊருக்குப் போனதும் முழுசாகப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், அதுவரை காலையில் இந்த மாத்திரையில் அரை என்றார். ஊருக்கு வந்தாள், பரிசோதனைக்குப் போகவில்லை, அரை மாத்திரையை மட்டும் விடவில்லை. வீட்டுப் பக்கத்து மருந்துக் கடையில் வாங்கினால் செய்தி தெருவில் பரவும் என்று சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் போய் வாங்குவாள், மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்துக்கொள்வாள், யாரிடமும் மூச்சு விடவில்லை, நடுவர்கள் வட்டாரத்தில் தெரிந்தால் ‘பாவம், அந்த மேடத்துக்கு உடம்பு சரியில்லையாம்’ என்று ரொம்ப அன்பாகக் கூப்பிடுவதை நிறுத்திவிடுவார்கள். சரி, ஆம் என்று போட்டால் என்ன ஆகும், பரிசோதனைக்குக் கூப்பிடுவார்கள், வியாழக்கிழமைக்குள் முடியாது, தவணை ஏறும், இதய சம்பந்தமாக மூன்று வருஷம் காத்திரு என்பார்கள், வேண்டவே வேண்டாம் என்றும் சொல்லலாம். இல்லை என்று போட்டால் வியாழக்கிழமை பாலிசியோடு ரயில் ஏறலாம், காலில் முள் குத்தினாலும் காய்ச்சல் வந்தாலும் கவலையில்லை. விழுந்தால்? அதே மாதிரி விழுந்தால், ஃபரிதாவின் பழைய நாற்காலியில் சில்சாரில் வேறொரு பெண் உட்கார்ந்திருப்பாள், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்பதற்குக்கூட ஆளில்லாத ஒரு நோயாளியின் காகிதங்களைப் புரட்டிப் பார்த்து, ராய்ப்பூர்ச் சீட்டைக் கண்டுபிடித்து, உதட்டைப் பிதுக்குவாள். விழ மாட்டேன். சாப்பிட்டுவிட்டுத்தான் நிற்பேன். அதுவும் போக, தொட்டாகிவிட்டது, தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும், இருபத்திரண்டு வருஷமாக எத்தனை பிள்ளைகள் இவள் முன்னால் தொட்டுவிட்டு அழுதிருக்கின்றன, ஒன்றுக்காவது இவள் இரங்கியிருப்பாளா. தன் திருட்டுக்குத் தன் தொழிலின் சட்டத்தையே துணைக்குக் கூப்பிடுகிற இந்த சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது.

பதினேழாவது மேஜைக்கு வந்து நின்றாள். இந்தச் சுற்றில் அந்த மேஜை அவள் பொறுப்பு, ஏனென்றால் அங்கே எபனேசர் ஆடினார். நாசரேத்காரர், வங்கியில் வேலை, நாற்பத்தாறு வயது, பிறவியிலேயே பார்வை கிடையாது, வருஷத்தில் பன்னிரண்டு போட்டிகளுக்குத் தன்னந்தனியாக ரயிலில் போய்வருவார். நேற்று மாலை மண்டபம் காலியாக இருந்தபோது கம்பைத் தட்டிக்கொண்டு வாசலிலிருந்து தன் மேஜைக்கும் மேஜையிலிருந்து கழிப்பறைக்கும் மூன்று தரம் நடந்து பழகினார், இன்று காலை அந்தக் கூட்டத்துக்குள் யார் மேலும் படாமல் போய் உட்கார்ந்தார், வசுமதி வாய்விட்டுப் பாராட்டாத குறை. எதிரே நிதின் என்கிற கல்லூரி மாணவன், அவன் பக்கம் சாதாரணப் பலகை, இவர் பக்கம் இவருடைய சொந்தப் பலகை. அதில் அறுபத்து நான்கு கட்டத்திலும் குழி, காய்களுக்கு அடியில் ஆணி போல முளை, கறுப்புக் கட்டங்கள் கொஞ்சம் மேடு, கறுப்புக் காய்களின் தலையில் தடவினால் தெரிகிற மாதிரி ஒரு முனை. நகர்வை இருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், கட்டத்து எழுத்துகள் காதில் குழம்பாமல் இருக்க எட்டு எழுத்துக்கும் எட்டுப் பெயர், “டேவிட் நாலு” என்பார் எபனேசர், “குதிரை, ஃபெலிக்ஸ் ஆறு” என்பார், திண்டுக்கல் மண்டபத்தில் ஆன்னாவும் பெல்லாவும் குஸ்தாவும் ஹெக்டரும் மெதுவாக வந்து உட்கார்ந்தார்கள். நகர்வைச் சொன்னதும் ஓர் ஊசியால் தடித்த தாளில் டிக் டிக்கென்று குத்திக் குறித்துக்கொள்வார். ஆனால் வசுமதி நின்று பார்த்தது அதையெல்லாம் அல்ல, விரல்களை. தன் முறை வந்ததும் அந்த விரல்கள் பலகை முழுக்கப் போகும், ராஜாவின் தலையில் ஒரு நொடி, சிப்பாய் வரிசையை ஒவ்வொன்றாக எண்ணி, எதிராளியின் ராணியைச் சுற்றி வந்து, மறுபடி தன் குதிரையிடம், ஓர் அவசரம் கிடையாது, ஒரு நடுக்கம் கிடையாது. மற்ற யாராவது இப்படித் தொட்டால் பத்து ஆட்டம் தோற்றிருப்பார்கள். இவருக்கு விதி வேறு. குழியிலிருந்து காயை உருவினால்தான் தொட்டதாக அர்த்தம், தடவுவது பார்ப்பது, அவ்வளவுதான். இதை எழுதியவர் யாரோ, எவ்வளவு நல்ல மனுஷராக இருந்திருக்க வேண்டும் என்று வசுமதி ஒவ்வொரு தரமும் நினைப்பாள், உனக்குத் தெரிந்துகொள்ள என்ன வழியோ அந்த வழியில் முழுசாகத் தெரிந்துகொள், அதுவரை உன்னை யாரும் பிடிக்க மாட்டோம் என்று ஒரு விதி சொல்கிறதென்றால். காலையில் வாசலில் பார்த்தபோது, “மேடம்தான, கும்பிடுதேன்” என்றார். “எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்றாள். “நடைதான். ஆனா இன்னிக்கு நடை ஒரு மாதிரில்லா இருக்கு. ஒரு காலு யோசிச்சி யோசிச்சி விழுது.” அவள் புது செருப்பு என்றாள். பழைய செருப்புதான்.

முப்பத்தோராவது நகர்வு, எபனேசர் கறுப்பு, ஒரு சிப்பாய் அதிகம், நிலைமை அவர் பக்கம். குதிரையைத் தூக்கி நடுவில் வைத்தால் பையன் திணறுவான், வசுமதிக்கே தெரிந்தது, நடுவர் முகத்தில் எதுவும் தெரியக் கூடாது என்பதால் தெர்மோகோல் மணமகளைப் பார்த்தாள். மணமகளிலிருந்து மனசு எப்படி ராய்ப்பூருக்குப் போனதென்று சொல்ல முடியாது, அந்த ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கையில் ஒரு கிழவிக்குத் துணையாக வந்திருந்த மருமகள், தன் டப்பாவிலிருந்து இவளுக்கும் போஹா, நம் அவல் உப்புமா மாதிரி, எடுத்துக் கொடுத்தாள், பெயரைக் கேட்கவில்லை, ஒரு பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளாமல் சாப்பிட்டேனே, சாயந்திரம் கையெழுத்துப் போட ஆள் வேண்டும் என்று நர்ஸ் வந்தபோது அந்தப் பெண்தான் எழுந்து வந்து போட்டாள், உறவு என்று கேட்ட இடத்தில் இந்தியில் என்னவோ எழுதினாள், என்ன எழுதியிருப்பாள், அக்கா என்றா, பக்கத்துப் படுக்கை என்றா. கடிகாரத்தை நிறுத்துகிற சத்தம் கேட்டது. நிதின் கையைத் தூக்கியிருந்தான். “மேம், டச் மூவ். சார் யானையத் தொட்டாரு, இப்ப குதிரைன்னு சொல்றாரு.” வசுமதி குனிந்து தணிந்த குரலில் சொன்னாள், “தொட்டா போதாதுப்பா. அவர் பலகையில காயைக் குழியிலேர்ந்து உருவினாத்தான் தொட்டதா ஆகும். தடவிப் பார்க்கலாம்.” “அப்படியா மேம், சாரி, எனக்குத் தெரியாது” என்று அவன் முகம் சிவந்தான், நல்ல பையன்தான். “உருவினாரா?” என்று தன்னையே கேட்பது போலக் கேட்டுக்கொண்டு, “இல்லை” என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அந்த ‘இல்லை’ எத்தனை சுலபமாக வாயில் வந்தது என்று உறைத்தது. அவள் பார்க்கவே இல்லை. பலகைக்கு அரை அடி தள்ளி நின்றுகொண்டு ராய்ப்பூரில் போஹா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எபனேசர் தலையைக் கொஞ்சம் சாய்த்தார். “மேடம், ஒரு நிமிசம். யானைய நான் உருவிட்டேன். கொஞ்சந்தான், மறுபடி உள்ள விட்டுட்டேன். ஆனா முளை வெளிய வந்துட்டு.” நிதின் வசுமதியைப் பார்த்தான், வசுமதி எபனேசரைப் பார்த்தாள், எபனேசர் யாரையும் பார்க்கவில்லை, பார்க்க வேண்டிய அவசியமே இல்லாதவர் போல உட்கார்ந்திருந்தார். யார் கேட்டது உங்களை என்று அவளுக்குக் கோபம்கூட வந்தது, எதிராளிக்குத் தெரியாது, நடுவருக்குத் தெரியாது, மண்டபத்தில் இருநூற்றிருபது ஜோடிக் கண் இருந்தும் பார்த்தது அந்த இரண்டு விரல்கள்தான். “அப்ப யானையைத்தான் நகர்த்தணும் சார்” என்றாள். “ஆமா. அதச் சொல்லத்தான கூப்பிட்டேன்.” யானையை உருவினார். இந்தத் தடவை முழுசாக. உடனே எங்கும் வைக்கவில்லை, உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொண்டு ஏழு நிமிஷம் யோசித்தார், இடது கை காலிக் குழிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் போயிற்று. எந்தக் காய் என்பது முடிந்துபோனது, எந்தக் குழி என்பது இன்னும் அவர் கையில்தான் இருந்தது, கையை விடுகிறவரைக்கும்.

கையை விடுகிறவரைக்கும். வசுமதி அந்த இடத்தை விட்டு நகரவில்லை. இருபத்திரண்டு வருஷமாக விதியைச் சொல்லிச் சொல்லி, அதன் பின்பாதியை மறந்துவிட்டிருக்கிறாள், தொட்ட காயை நகர்த்த வேண்டும், சரி, ஆனால் எங்கே வைப்பது என்று கை விடுகிறவரை கேட்க முடியாது ஒருவரும். விண்ணப்பம் அவள் கையில்தான் இருக்கிறது, அனுப்பவில்லை. இதெல்லாம் சமாளிப்பு, சட்டப் புத்தகத்தில் பதில் தேடுகிறவளுக்கு எந்தப் பக்கத்திலும் பதில் கிடைக்கும், காலையில் அதே புத்தகம்தானே வேறு மாதிரி சொன்னது. ஒன்று மட்டும் சமாளிப்பு இல்லை, இந்த மனுஷரைப் பார்க்கப் பார்க்க, இப்படி ஒருவர் இருக்கிற மண்டபத்தில் நானும் நிற்கிறேன் என்று பெருமையாக இருந்தது, நிற்கிறேன், ஆனால் என்ன யோக்கியதையில். யானை ஈவா எட்டில் இறங்கியது. அதற்கப்புறம் குதிரை போயிற்று, சிப்பாய் போயிற்று, பையன் தடுமாறாமல் ஆடினான், நாற்பத்தேழாவது நகர்வில் எபனேசர் கையை நீட்டினார். நிதின் எழுந்து நின்று இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டான். “சார், நீங்க சொல்லலைன்னா நான்தான் தோத்திருப்பேன்” என்றான். “தெரியும்டே” என்றார் எபனேசர், “குதிரைய நடுவுல வச்சிருந்தா உன்ன உப்புக்கண்டம் போட்டிருப்பேன். இப்ப நினைச்சாலும் வயிறு எரியுது.” நிஜமாகவே எரிகிற முகம்தான், அதில் துறவியின் சாந்தம் ஒன்றும் இல்லை, அதற்காகவே வசுமதிக்கு அவரை இன்னும் பிடித்தது. காய்களை டப்பாவில் அடுக்கும்போது கேட்டுவிட்டாள், “ஏன் சார் சொன்னீங்க?” அவர் ஒரு சிப்பாயை விரல்களுக்கு நடுவே உருட்டினார். “என் பலகை உங்களுக்கெல்லாம் மேசை மேல இருக்கு மேடம், எனக்கு மண்டைக்குள்ளல்லா இருக்கு. உருவினத உருவலன்னு ஒரு தடவ சொல்லிட்டேம்னு வைங்க, அப்புறம் எந்தக் காயி எந்தக் குழியில இருக்குன்னு எனக்கே சந்தேகமாப் போயிரும். அதோட எப்படி ஆடுறது?” சொல்லிவிட்டு, “காபி எந்தப் பக்கம்?” என்றார். அவள் சொன்னாள். அவர் கம்பைத் தட்டிக்கொண்டு, தோற்ற ஆட்டத்தை முணுமுணுப்பில் திட்டிக்கொண்டு போனார்.

மணி ஒன்று இருபது. சக நடுவரிடம் தலையசைத்துவிட்டு வசுமதி பையை எடுத்துக்கொண்டு மண்டபத்தின் பின்வாசலுக்கு, பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு வந்தாள். போன் உயிர் பெற்று வந்தது, விண்ணப்பம் விட்ட இடத்தில் இருந்தது, ‘இல்லை’யில் பச்சையாக ஒரு புள்ளி. அதை மாற்றினாள். புள்ளி அந்தக் கட்டத்திலிருந்து இந்தக் கட்டத்துக்கு வந்தது, ஒரு சத்தமும் இல்லை, இதற்கா இத்தனை பாடு. உடனே கீழே ஒரு நீளக் கட்டம் திறந்துகொண்டது, விவரம் எழுதுக. விவரம் எழுதக் கை வரவில்லை, ஃபரிதாவைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தாள், போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தவள் மாதிரி. “ஃபரிதா, பதினோராவது கேள்வி. ஆமாம்னு போடணும்.” அந்தப் பக்கம் ஒரு மூச்சு இறங்குவது கேட்டது. “சரிக்கா” என்றாள் ஃபரிதா. “டெஸ்டுக்குக் கூப்பிடுவாங்க. வியாழக்கிழமைக்குள்ள வராதுக்கா.” “தெரியும். ராஞ்சிக்கு வேற ஆளை அனுப்பச் சொல்லிடறேன்.” அதைச் சொன்னபோது வலித்தது, நாற்பது நாள், மூன்று மண்டபம், சில்சாரை அவள் இன்னும் பார்த்ததே இல்லை. “அவங்க என்னை வேணாம்னு சொல்லிட்டா?” “சொன்னா அடுத்த கம்பெனி. அதுவும் சொன்னா அதுக்கு அடுத்தது. உண்மையச் சொல்லி ஒரு இடத்துல வாங்கிட்டா எந்த ஊர்ல படுத்தாலும் நான் உங்களுக்காகச் சண்டை போடலாம்கா. பொய்க்கு என்னால சண்டை போட முடியாது, ஆறு வருஷம் அந்தச் சேர்ல உக்காந்திருக்கேன்.” பிறகு கொஞ்சம் தயங்கினாள். “நீங்க கூப்பிடலைன்னா ஒண்ணே முக்காலுக்கு நானே கூப்பிட்டிருப்பேன்.” “ஏன், உனக்கு எப்படி...” வசுமதி சுவரில் சாய்ந்துகொண்டாள். “முப்பத்தோரு ஊர் எழுதிக் கொடுத்தீங்கல்ல, எதுக்க ஆட்டம் நடந்த இடம் போட்டு. முப்பது ஊர்ல பள்ளிக்கூடம், மண்டபம், ஹோட்டல் மாடி. ராய்ப்பூருக்கு மட்டும், ஸ்டேஷன் பக்கத்து ஆஸ்பத்திரி, ரெண்டாம் மாடி. எந்த ஆஸ்பத்திரிலக்கா ரெண்டாம் மாடில செஸ் நடத்துறாங்க?” வசுமதி சிரித்தாள். அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள், சிரிப்பு எந்த இடத்தில் வேறாக மாறியது என்று தெரியவில்லை, புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பதினைந்து நாளாக இந்தப் பெண் அந்தத் தாளை வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை கேட்காமல், அவள் கையை விடுகிறவரை காத்திருந்திருக்கிறாள். “சொல்லுங்கக்கா” என்றாள் ஃபரிதா, “பேனா எடுத்துட்டேன்.” வசுமதி தொண்டையைச் செருமினாள், ஆட்டக் குறிப்பு படிக்கிற குரல் தானாக வந்தது. “அக்டோபர் பத்தொன்பது. நாலாவது சுற்று. நான் கீழே விழுந்தப்ப மணி மூணேகால்.”